காதுக்குப் பதினெட்டு மதிப்பெண்

முப்பத்தொன்பது வயதாகியும் அவள் சின்ன மிஸ்தான். அதே பள்ளியில் பெரிய மியூசிக் மிஸ்ஸுக்கு வயது இருபத்தெட்டு. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர்கள் அவை. பெரிய மிஸ்ஸிடம் பியானோத் தேர்வின் எட்டாம் கிரேடு சான்றிதழ் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். சின்ன மிஸ்ஸிடம் பியானோ அறையின் சாவி இருந்தது.

காலை ஏழே காலுக்கு வந்து அறையைத் திறப்பாள். நாற்காலிகளை மூன்று வரிசையாகப் போட்டு, பியானோவின் மூடியைத் துடைத்து, முந்தின நாள் யாரோ உள்ளே போட்ட பென்சில் துண்டை எடுப்பாள். எட்டரைக்குப் பள்ளி முழுதும் கூடும்போது வாசிப்பது அவள். சிறு வகுப்புகளுக்கு வாசிப்பதும் அவள். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். "தற்காலிகம்னா எவ்வளவு காலம் சார்?" என்று தலைமை எழுத்தரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "நிரந்தரமாகுற வரைக்கும்" என்றார் அவர், நன்றாக யோசித்துவிட்டு.

அந்த வருடத் தொடக்கத்தில் அவரே ஆள் விட்டு அழைத்தார். மேஜையில் ஒரு சுற்றறிக்கை கிடந்தது.

"நானா எழுதினேன் மிஸ்? மேல இருந்து வந்திருக்கு. வருஷக் கடைசிக்குள்ள எட்டாம் கிரேடு முடிச்சா வேலை நிரந்தரம். இல்லன்னா வேலையே இல்ல. அவ்வளவுதான் விஷயம், அத நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க."

"ரெண்டு தடவ எழுதிட்டேன் சார்."

"தெரியுமே. தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு. இந்த வேகத்துல போனா இன்னும் ரெண்டு வருஷத்துல நூறு வந்துடும். கைல இருக்கறது ஒரு வருஷம்."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சங்கடமாக இருந்தால் சிரிப்பார். சின்ன மிஸ் மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் தூசு அதிகமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அம்மாவும் தானும் என்ன செய்வது என்று அந்த நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

தேர்வு மொத்தம் நூற்றைம்பது மதிப்பெண். நூறு வாங்கினால் தேர்ச்சி. மூன்று துண்டுகளை வாசித்துக் காட்ட வேண்டும், அதில் அவளுக்குக் குறை இல்லை. புதிய தாளை நீட்டினால் பார்த்ததும் வாசிக்க வேண்டும், அதில் பெரிய மிஸ்ஸை விடவே கெட்டி. சறுக்குவது காதில். காதுத் தேர்வுக்குப் பதினெட்டு மதிப்பெண். தேர்வாளர் விரல்கள் தெரியாதபடி அமர்ந்து, சின்னதாக ஒன்றை இரண்டு தடவை வாசிப்பார். அதில் ஒரே நேரத்தில் மூன்று குரல்கள் போகும். மேலே போவது மெட்டு; அது யார் காதிலும் விழும். அடியில் போகும் குரலை மட்டும் பிரித்தெடுத்துப் பாடிக் காட்ட வேண்டும். பிறகு எப்படி முடிந்தது, நடுவில் எங்கே திரும்பியது என்று சில கேள்விகள்.

முதல் வருடம் அவள் மேல்மெட்டைப் பாடிவிட்டாள். தேர்வாளர் பொறுமையாக, "அடியில இருக்கறது" என்றார். அவள் அதே மெட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பாடினாள். இரண்டாம் வருடம் வாயே திறக்கவில்லை. மதிப்பெண் தாளில் இரண்டு முறையும் ஒரே வரி இருந்தது: கீழ்க்குரல் பிடிபடவில்லை.

அவளுடைய வாசிப்பு கண்ணால் வந்த வாசிப்பு. வீட்டில் யாருக்கும் பள்ளிக்கூடமே முழுதாக வாய்க்கவில்லை. இசைக்கு எங்கே போவது? படித்த பள்ளியில் பியானோ வாசித்த அம்மையாருக்குப் பக்கம் திருப்ப ஒரு பெண் வேண்டியிருந்தது. சரியான இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் தாளில் விரல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். ஆறு வருடம் பக்கம் திருப்பினாள். எந்தப் புள்ளிக்கு எந்தக் கட்டை என்பது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மதிய இடைவேளைகளில் மூடியைத் திறந்து வாசித்துப் பார்த்தபோது கை தானாகப் போனது. காதுக்கு அதில் வேலையே வரவில்லை.

காதுக்கு அதற்கு முன்பே வேறு பழக்கம் இருந்தது.

அப்பாவின் லேத் பட்டறை கீழே, வீடு மேலே. பகலெல்லாம் இரும்பு அறுபடும் சத்தம். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பழகிவிடும். சாயங்காலம் இயந்திரம் நின்ற பிறகு அப்பா மேலே வருவார். அடுத்த அறையில் அவர் குரல் ஏறும். காரணம் ஏதாவது இருக்கும். துண்டு காயவில்லை என்றுகூட இருக்கும். ஏழு வயதில் அவள் சுவரோரமாகப் படுத்துக்கொண்டு ஒரு வித்தை கற்றாள். காதை விரலால் பொத்தினால் உள்ளே இரைச்சல் வரும். அதைவிட நல்ல வழி, பொத்தாமலே மூடிக்கொள்வது. எப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. சத்தம் வந்து விழும், ஆனால் எதுவாகவும் ஆகாது. நான்கு வருடம் முன்பு அப்பா இறந்த அன்று வீடு நிறைய அழுகை. அவளுக்கு அது பக்கத்து வீட்டு டிவி போலத்தான் கேட்டது. "அழுதுடுடீ, உள்ள வச்சுக்காத" என்று அத்தை உலுக்கினாள். உள்ளே வைத்துக்கொள்ள எதுவும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கு ஒவ்வொரு பருவமும் பியானோவைச் சுருதி சேர்க்க ஒருவர் வருவார். அவள் வயதுதான் இருக்கும். ஒரே கட்டையை டொய்ங் டொய்ங் என்று நூறு தடவை அடிப்பதால் பிள்ளைகள் அவரை டொய்ங் அங்கிள் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். தன் தொலைபேசிக்கே அந்த ஒலியைத்தான் வைத்திருந்தார். அவர் வேலை செய்யும் நேரம் முழுதும் சாவி வைத்திருப்பவள் அறையில் இருக்க வேண்டும் என்பது பள்ளி விதி. சுற்றறிக்கை வந்த மறுவாரம் அவர் வந்தபோது, அவள் மூலை நாற்காலியில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மிஸ், பாட்டா?"

"பாடம்."

"குடுங்க, நானும் படிச்சுப் பெரிய ஆளாகறேன்."

அவள் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தொலைபேசியை நீட்டினாள். போன வருடத் தேர்வுக்காக அவள் தயாரித்தவை அவை. வாசித்துக் காட்ட ஆள் கிடையாது. ஆகவே புத்தகத்திலிருந்து நாற்பது துண்டுகளைத் தானே வாசித்துப் பதிவு செய்து, வரிசையைக் கலைத்துப் போட்டுத் தினமும் கேட்டுக் கீழ்க்குரலைப் பாடிப் பழகினாள். வீட்டில் நாற்பதுக்கு நாற்பது வந்தது. தேர்வறையில் ஒன்றுகூட வரவில்லை. அது ஏன் என்று அவள் பல நாள் யோசித்திருந்தாள். பயம் என்று ஒரு பேர் வைத்துவிட்டு விட்டுவிட்டாள். பயந்ததாகவும் நினைவில்லை.

அவர் மூன்று துண்டுகளைக் கேட்டார். நான்காவது பாதியில் சிரித்துவிட்டார்.

"யாரு வாசிச்சது?"

"நான்தான்."

"கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களேவா? நல்லாருக்கே."

"புரியல."

"நீங்க தேட வேண்டியது கீழ்க்குரல்தானே? அத வாசிக்கறது உங்க இடது கைச் சுண்டுவிரல். அந்த விரல் என்ன பண்ணியிருக்கு பாருங்க. மத்த ரெண்டு குரலயும் விட ஒரு பிடி அழுத்தி, இதோ நான் இங்க இருக்கேன், என்னப் பாருன்னு கூப்பிட்டுட்டே போகுது. பரீட்சைக்கு வர்றவரு இப்படிக் கூப்பிட்டுக் காட்டுவாரா?"

அவள் வாங்கிக் கேட்டாள். முதலாவதில் அப்படித்தான் இருந்தது. ஏழாவதில், இருபத்திரண்டாவதில், முப்பத்தொன்பதாவதில். நாற்பதிலும் கீழ்க்குரல் தூக்கலாகவே ஒலித்தது. அது பதில் என்று தெரிந்த கை, தன்னை அறியாமல் அதற்கு அடிக்கோடு போட்டிருந்தது. ஆறு மாதம் அவள் கேட்டுப் பழகியது தன் சுண்டுவிரலைத்தான்.

வெட்கப்பட வேண்டிய இடம். அவள் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"சார், நீங்க வாசிப்பீங்களா?"

"நானா? நோட்டப் பாத்துத் தட்டுவேன். ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே கனத்துல விழும், அழகே இருக்காது."

"அழகு வேண்டாம்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பியானோவுக்குள் கையை விட்டு நீளமான ஃபெல்ட் துணிப் பட்டையை உருவி எடுத்தார். "இது எதுக்குன்னு தெரியுமில்ல? ஒரு கட்டைக்கு மூணு தந்தி. ரெண்ட இதால அடைச்சுட்டு ஒண்ண மட்டும் கேப்பேன். நீங்க என்னடான்னா மூணையும் அடைச்சுட்டு உக்காந்திருக்கீங்க, மிஸ். தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே புத்தகத்தில் தான் இதுவரை வாசிக்காத பக்கங்களை நகல் எடுத்து, கோடு போட்ட அட்டையில் செருகி அவரிடம் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு பதிவு வந்தது. எந்த வீட்டுப் பியானோவைச் சுருதி சேர்க்கிறாரோ அந்த வீட்டிலிருந்து, வேலை முடிந்த கையோடு, எந்தப் பக்கம் என்று சொல்லாமல். ஒன்றில் நாய் குரைத்தது. ஒன்றில் யாரோ கதவு மணியை விடாமல் அடித்தார்கள். இன்னொன்றில் ஒரு கிழவர், "முடிஞ்சுதாப்பா? இன்னும் எத்தன நாளு?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில் அவருடைய விரல்கள் அழகில்லாமல், பாரபட்சமில்லாமல் விழுந்தன.

முதல் வாரம் ஏழில் ஒன்றும் தேறவில்லை. மூன்று குரலும் சேர்ந்து ஒரு தகரத் தட்டு போல வந்து நின்றது. எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. பாதியிலேயே அவளுடைய பழைய வித்தை தானாக நடந்துவிடும். பதிவு முடிந்திருக்கும், அவள் ஜன்னலுக்கு வெளியே கூரியர் வண்டி பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் பட்டறை இப்போது கூரியர் கிடங்கு.

அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "இன்னிக்கு அந்தத் தம்பி நாய் வீட்டுக்குப் போயிருக்காப்ல."

"ம்."

"பாவம், கடிச்சு கிடிச்சு வைக்கப்போகுது."

"பாடறேன்மா, கொஞ்சம் பேசாம இரு."

"நீ எங்கடீ பாடற? அரை மணியா உக்காந்துட்டிருக்க."

உண்மைதான். மூடுவது நடக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் பாட முயலவில்லை. எந்த நொடியில் சத்தம் வெறும் சத்தமாகிறது என்று மட்டும் கவனித்தாள். பெரும்பாலும் மூன்றாவது தாளக்கட்டில். மேல்மெட்டு உயரமாக ஏறும் இடம் எதுவோ, அங்கே. அது தெரிந்ததும், ஏறும் மெட்டைப் போகவிட்டு, அதன் அடியிலேயே நிற்கப் பார்த்தாள். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பது போல ஒரு வேலை. ஐந்தாவது வாரம் நான்கு சுரம் பிடிபட்டது. ஏழாவது வாரம் ஒரு முழுக் கீழ்க்குரலையும் பாடி, வீட்டில் இருந்த சின்னக் கீபோர்டில் ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

அதில் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கீழ்க்குரலோடு இன்னொன்றும் வந்தது. மேலே ஒரு குரல் ஏறி ஏறிக் கத்த, அடியில் ஒன்று சமமாக, ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஏழு வயதில் படுத்திருந்த அந்தச் சுவர், பாய், கதவிடுக்கில் வெளிச்சம். அப்பா கத்தும்போது அம்மா சும்மா இருந்ததாகத்தான் அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அம்மா சும்மா இருக்கவில்லை. முணுமுணுவென்று எதையோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ன என்று கேட்கவில்லை. சொல் வரவில்லை, ஓட்டம் மட்டும் வந்தது.

சின்ன மிஸ் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவினாள்.

தேர்வு ஒரு தங்கும் விடுதியின் கூட்ட அறையில் நடந்தது. வெளியே நாற்காலிகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்; ஒரு தாய் அவளிடம், "உங்க பொண்ணு உள்ள போயிருக்கா?" என்று கேட்டாள். "நான்தான் எழுதறேன்" என்றாள். "அய்யோ, சாரிங்க" என்று அந்தத் தாய் தன் பிள்ளையின் காலரைச் சரி செய்தாள்.

தேர்வாளராக வந்த அம்மாளுக்கு ஜலதோஷம். மேஜையில் காகிதக் கைக்குட்டைகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. மூன்று துண்டுகளும் வழக்கம் போலப் போயின. பிறகு அந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தார். "ரெண்டு தடவ வாசிப்பேன். கீழ்க்குரலைப் பாடணும்." ஒரு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு ஆரம்பித்தார்.

மெட்டு மூன்றாவது தாளக்கட்டில் ஏறியது. அவள் அதைப் போகவிட்டாள். அடியில் ஒன்று, யாரையும் கூப்பிடாமல், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை வாசித்தபோது அதனோடேயே நடந்தாள். பாடியபோது குரல் ஓரிடத்தில் பிசிறியது, ஆனால் இடம் மாறவில்லை. தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து, எப்படி முடிந்தது என்ற கேள்விக்குத் தவறாகச் சொன்னாள். சொன்னதும் தவறு என்று தெரிந்தது, திருத்த விடவில்லை. எங்கே திரும்பியது என்பதை ஒன்று சரியாக, ஒன்று பாதியாகச் சொன்னாள். வெளியே வந்தபோது அந்தத் தாய், "எப்படிங்க?" என்று கேட்டாள். "ஜலதோஷம்" என்றாள் சின்ன மிஸ், வேறெதுவும் தோன்றாமல்.

ஆறு வாரம் கழித்துத் தாள் வந்தது. நூற்று நான்கு. காதுக்குப் பதினெட்டில் பதினொன்று. தலைமை எழுத்தர் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கள்ளத் தாளா என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் நூறு போதும்னு சொன்னேன். நாலு எதுக்கு மிஸ் கூட?"

"இருக்கட்டும் சார்."

"இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாது. என்ன, ஒரு சிரிப்பக் காணோம்?"

அவள் சிரித்தாள். முத்திரை குத்தும் சத்தம், அவருடைய நாற்காலிச் சக்கரம், அடுத்த அறையில் பெரிய மிஸ் யாரையோ திட்டுவது, எல்லாம் தனித்தனியாக வந்து விழுந்தன. தாழ்வாரத்தில் நின்று டொய்ங் அங்கிளுக்கு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் ஒரு பதிவு வந்தது. ஒரே ஒரு டொய்ங். பின்னணியில் அதே நாய்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இனிமே நிறுத்த மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"சரி. போய் மூஞ்சியக் கழுவு, சாப்பிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கீழே கிடங்கில் யாரோ ஒட்டும் நாடாவை இழுத்து அறுத்தார்கள். சில வாரங்களாகவே இப்படித்தான். மூடும் வித்தை கைவிட்டுப் போயிருந்தது. எவ்வளவு முயன்றாலும் சத்தங்கள் ஏதோ ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன.

"அம்மா. அப்பா கத்தறப்ப நீ அடியில ஏதோ சொல்லிட்டே இருப்பியே, என்னது அது?"

அம்மாவின் கை ஒரு தலையணை உறை மேல் நின்றது.

"உனக்குக் கேட்டுச்சா?"

"இப்பத்தான்."

"இப்பவா? நல்ல பொண்ணுடீ." உறையை மடித்து வைத்தாள். "எண்ணிட்டு இருப்பேன்."

"எத?"

"எதுவுமில்ல. சும்மா ஒண்ணு ரெண்டு மூணுன்னு. முடியற வரைக்கும் எண்ணுவேன். எப்படியும் முடிஞ்சுடும்ல."

"எவ்வளவு வரும்?"

"பெரும்பாலும் நூத்தம்பதுக்குள்ள. ஒருநாள் முன்னூத்திப்பத்து வந்துச்சு. அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்."

சின்ன மிஸ்ஸுக்குக் காய்ச்சல் நினைவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

குழாயை மூடியபோது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. மிச்சத் துணியை மடிக்கிறாள். துணி பத்துப் பதினைந்துக்கு மேல் இருக்காது. எண்ணிக்கை அதையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏறாமல், இறங்காமல், பழக்கத்தில். அவள் ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அங்கிருந்து அம்மா நேராக நாற்பத்தொன்றுக்குப் போனாள். நாற்பதை விட்டுவிட்டாள். சொல்லலாமா என்று சின்ன மிஸ் யோசித்தாள். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்லவில்லை.